அம்மாவுக்குத் தெரியாத மொழியில் பிள்ளைக்குப் பாடம்!

மாலை 6 மணி. அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில் ஒரு வீடு.

சாப்பாட்டு மேஜை முன்னால் 8 வயதுச் சிறுமி உட்கார்ந்து இருக்கிறாள். எதிரே பள்ளிக்கூடப் புத்தகம் விரிந்து கிடக்கிறது.

"அம்மா, இந்தக் கேள்விக்கு என்ன பதில்?" என்று கேட்கிறாள்.

தாயார் எட்டிப் பார்க்கிறாள். புத்தகம் ஸ்பானிஷ் மொழியில் இருக்கிறது. தாயாருக்குத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும்தான். ஸ்பானிஷில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

"அப்பா வரட்டும், கேட்போம்" என்கிறாள்.

அப்பா வருகிறார். அவருக்கும் தெரியாது!

இது ஏதோ ஒரு வீட்டில் ஒரு நாள் நடந்த வேடிக்கை என்று நினைத்து விடக் கூடாது. அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் தினமும் நடக்கும் காட்சி இது.

பிள்ளை ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த மொழி தெரியாது. வீட்டுப் பாடத்துக்கு யார் உதவி செய்வது? பிள்ளை தப்பாகப் படித்தால் யார் திருத்துவது? படிப்பில் பின்தங்கி விட்டால் என்ன செய்வது?

இந்தக் கவலை புதிது அல்ல. 60 ஆண்டுகளுக்கு மேலாகவே இது இருக்கிறது. அந்த 60 ஆண்டு அனுபவம் ஒரு பதிலும் சொல்லுகிறது.

"மொழி தெரியாத தாயும் பிள்ளைக்கு உதவலாம். பாடம் சொல்லிக் கொடுப்பது வாத்தியார் வேலை. காது கொடுத்துக் கேட்பதும், தினமும் நேரம் ஒதுக்குவதும் தாயின் வேலை" என்பதே அந்தப் பதில்.

அது எப்படி?

ஊர்ப் பெயரே ஸ்பானிஷ்!

"அமெரிக்காவில் இங்கிலீஷ் பேசுகிறார்கள். அங்கே ஸ்பானிஷ் எதற்கு?" என்று கேட்கலாம்.

அமெரிக்க மண்ணில் இங்கிலீஷுக்கு முன்பே குடியேறிய மொழி ஸ்பானிஷ். 1565-ம் ஆண்டிலேயே ஸ்பெயின் நாட்டவர் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரை உண்டாக்கினார்கள். இங்கிலீஷ்காரர்கள் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607-ல்தான்.

கலிபோர்னியா ஒரு காலத்தில் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்து இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு, 1848-ம் ஆண்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு வந்தது. நாடு மாறியது. ஊர்ப் பெயர்கள் மாறவில்லை.

"லாஸ் ஏஞ்சல்ஸ்" என்றால் ஸ்பானிஷில் தேவதூதர்கள் என்று அர்த்தம். "நெவாடா" என்றால் பனி படர்ந்தது. "கொலராடோ" என்றால் சிவந்தது. இவை எல்லாம் ஸ்பானிஷ் வார்த்தைகளே.

இன்று உலகத்தில் சுமார் 50 கோடிப் பேருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி. 20 நாடுகளில் அரசாங்கக் காரியங்கள் அந்த மொழியில் நடக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்.

ஆஸ்பத்திரி, கடை, கோர்ட்டு, கட்டிட வேலை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் இந்த மொழி காதில் விழும். இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது சுலபம். அதனால்தான் இங்கிலீஷ்காரப் பெற்றோரும் பிள்ளைகளை ஸ்பானிஷ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள்.

அரை நாள் இங்கிலீஷ். அரை நாள் ஸ்பானிஷ்

இந்தக் கதை மியாமி நகரத்தில் தொடங்குகிறது.

1959-ம் ஆண்டில் கியூபா தீவில் புரட்சி நடந்தது. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். ஆயிரக்கணக்கான கியூபாக்காரர்கள் மியாமிக்கு ஓடி வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

அங்கே "கோரல் வே" என்ற ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. 1963-ல் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு புது ஏற்பாடு செய்தது. கியூபாப் பிள்ளைகளையும் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தது. அரை நாள் இங்கிலீஷில் பாடம். அரை நாள் ஸ்பானிஷில் பாடம்.

இங்கிலீஷ் பாடத்தில் கியூபாச் சிறுவன் திணறினால், ஸ்பானிஷ் பாடத்தில் இங்கிலீஷ்காரச் சிறுவன் திணறினான்! ஒருவனுக்கு ஒருவன் துணை ஆனான். தெரியாதவன் என்று யாரையும் யாரும் கேலி செய்ய இடம் இல்லை.

இன்று அமெரிக்காவில் "இருமொழிப் பள்ளிக்கூடம்" என்று சொல்லப்படுவதற்கு இது முன்னோடி ஆனது.

மூன்று தாய்மார்கள்

அடுத்த கதை கனடாவில் நடந்தது. அங்கே மொழி ஸ்பானிஷ் அல்ல, பிரெஞ்சு. ஆனால் பெற்றோரின் கவலை ஒன்றுதான்.

கனடாவில் மான்ட்ரியால் நகரத்தின் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதிகம். இங்கிலீஷ்காரக் குடும்பங்களும் உண்டு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஒரு பாடம். வருஷக் கணக்கில் படித்தும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பேச வரவில்லை.

மூன்று தாய்மார்கள் கிளம்பினார்கள். ஓல்கா மெலிகாப், முரியல் பார்க்ஸ், வலேரி நீல் என்பது அவர்கள் பெயர்.

"எங்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்துங்கள்" என்று கேட்டார்கள். கல்விக் குழு தயங்கியது. "பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கெட்டு விடும், கணக்கும் வராது" என்ற பயம்.

தாய்மார்கள் விடவில்லை. மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். மூளை டாக்டர் வில்டர் பென்பீல்டையும், மன இயல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டையும் கண்டு பேசினார்கள். அந்த அறிஞர்கள் ஆதரவு தந்தார்கள். 1965 செப்டம்பரில் மழலையர் வகுப்பு திறக்கப்பட்டது.

அந்தப் பிள்ளைகளைப் பேராசிரியர் லாம்பர்ட் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். அவரும் ரிச்சர்ட் டக்கர் என்பவரும் 1972-ல் புத்தகம் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாக வந்தது. இங்கிலீஷும் கெடவில்லை. கணக்கும் கெடவில்லை!

வீட்டில் பெற்றோர் பேசியது இங்கிலீஷ்தான். பிரெஞ்சுப் பாடம் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அப்படி இருந்தும் பிள்ளைகள் தேறினார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்று கனடாவில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த முறையில் படிக்கிறார்கள்.

கனடாவில் நடந்ததைப் பார்த்து, 1971-ல் கலிபோர்னியாவில் கல்வர் சிட்டி என்ற ஊரில் ஸ்பானிஷ் வகுப்பு தொடங்கினார்கள். அங்கேயும் சேர்ந்தவர்கள் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளே.

ஓட்டுப் பெட்டியில் மொழிச் சண்டை

இருமொழிப் படிப்புக்கு எல்லோரும் ஆதரவு தரவில்லை. சண்டையும் வந்தது.

1998-ல் கலிபோர்னியா ஜனங்கள் ஒரு சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். "பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே பாடம் நடத்த வேண்டும்" என்பது சட்டம். நூற்றுக்கு 61 பேர் ஆதரித்தார்கள். இருமொழி வகுப்பு வேண்டும் என்றால் பெற்றோர் தனியாக மனுப் போட்டு விலக்கு வாங்க வேண்டும். பல வகுப்புகள் மூடப்பட்டன.

2000-ல் அரிசோனா ராஜ்யமும், 2002-ல் மாசசூசெட்ஸ் ராஜ்யமும் இதே வழியில் போயின.

18 ஆண்டுகள் கழிந்தன. 2016 நவம்பரில் கலிபோர்னியா மறுபடியும் ஓட்டுப் போட்டது. இந்தத் தடவை நூற்றுக்கு 73 பேர், "இருமொழிப் படிப்பு வேண்டும்" என்றார்கள். பழைய சட்டம் போயிற்று. மாசசூசெட்ஸும் 2017-ல் தன் சட்டத்தைத் தளர்த்தியது.

இப்போது கலிபோர்னியா வேகமாகப் போகிறது. இரண்டு மொழியில் தேறிய மாணவரின் பள்ளி இறுதிச் சான்றிதழில் தனி முத்திரை குத்தும் வழக்கம் 2012-ல் அங்கே தொடங்கியது. பிறகு அது மற்ற ராஜ்யங்களுக்கும் பரவியது. இருமொழி வகுப்புத் திட்டங்களை 2030-ம் ஆண்டுக்குள் 1,600 ஆக உயர்த்த வேண்டும் என்று கல்வி இலாகா 2018-ல் குறி வைத்தது.

இதற்கு நடுவே டெல்லியைப் போல அவர்களுக்குத் தலைநகரமான வாஷிங்டனில் வேறு காற்று வீசியது. 1-3-2025 அன்று ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். "அமெரிக்காவின் அதிகாரபூர்வமான மொழி இங்கிலீஷ்" என்றது அந்த உத்தரவு. அதற்கு முன்பு, நாடு முழுமைக்கும் ஆட்சி மொழி என்று ஒன்று அறிவிக்கப்பட்டது இல்லை.

அந்த உத்தரவு பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிப்பதைத் தடுக்கவில்லை. பள்ளிப் பாடங்களை முடிவு செய்கிறவர்கள் ராஜ்ய சர்க்கார்களும் உள்ளூர்க் கல்விக் குழுக்களும்தான். ஆனாலும் பெற்றோர் மனத்தில் குழப்பம்! "ஸ்பானிஷ் படிக்க வைப்பதா, வேண்டாமா?" என்று தடுமாறுகிறார்கள்.

சட்டம் எப்படி மாறினாலும், மாலை 6 மணிக்குப் பிள்ளை புத்தகத்தோடு வந்து நிற்கும். அப்போது என்ன செய்வது? அதைப் பார்ப்போம்.

கால் மணி நேரக் கணக்கு

முதலில் ஒரு கணக்கு.

அமெரிக்க சர்க்கார் தன் வெளிநாட்டுத் தூதர்களுக்கு மொழிப் பயிற்சி தருகிறது. இங்கிலீஷ் தெரிந்தவர் ஸ்பானிஷில் நன்றாகப் பேசி வேலை பார்க்க 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சாதாரணப் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு 4 மணி நேரம் ஸ்பானிஷ் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 36 வாரம். மொத்தம் 144 மணி நேரம். அப்படியானால் 600 மணியைத் தொட 4 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆகையால் முதல் வருஷத்தில் பிள்ளை தடுமாறினால் பயப்பட வேண்டாம். அது மக்குத்தனம் அல்ல. இன்னும் மணி நேரம் சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் தினம் 15 நிமிஷம் ஒதுக்கினால் என்ன ஆகும்? வருஷத்துக்கு 91 மணி நேரம் சேர்ந்து விடும்! பள்ளிக்கூடம் தருவதில் பாதிக்கு மேல் வீட்டிலேயே கிடைக்கிறது.

இந்த 91 மணி நேரத்தைக் கொடுப்பதற்குத் தாயாருக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியது இல்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

காது போதும்!

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது?

முதல் வேலை: சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை வாசிக்கட்டும். பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். மொழி தெரியாதவருக்கும் ஒன்று தெரியும். எங்கே ஓட்டமாகப் படிக்கிறது, எங்கே திக்குகிறது என்று காது சொல்லி விடும். திக்கிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் ஆசிரியையிடம் அந்த இடத்தைப் பிள்ளை கேட்கட்டும்.

இரண்டாவது வேலை: கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பானிஷில் படித்ததை வீட்டு மொழியில் சொல்லட்டும். "யார் வந்தான்? எங்கே போனான்? கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். புரிந்து படித்த பிள்ளை கடகடவென்று சொல்லும். புரியாமல் படித்த பிள்ளை விழிக்கும். இதை விட நல்ல பரீட்சை கிடையாது.

மூன்றாவது வேலை: பிள்ளையை வாத்தியார் ஆக்குங்கள். "இன்றைக்கு எனக்கு 3 வார்த்தை சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பெருமை தாங்காது! அப்பா தப்பாகச் சொன்னால் பிள்ளை சிரிக்கும்; திருத்தும். பிறருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் மறக்காது.

நான்காவது வேலை: சீட்டு விளையாட்டு. சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் ஸ்பானிஷ் வார்த்தை. மறு பக்கம் அர்த்தம். பெற்றவர் அட்டையைக் காட்ட, பிள்ளை பதில் சொல்லட்டும். சரியா, தப்பா என்பது அட்டையின் பின்னாலேயே இருக்கிறது! கதவு, நாற்காலி, விளக்கு என்று வீட்டுச் சாமான்களில் பெயர்ச் சீட்டு ஒட்டி வைத்தாலும் நல்லது.

ஐந்தாவது வேலை: காதில் விழும்படி செய்யுங்கள். ஸ்பானிஷ் பாட்டு, ரேடியோ, குழந்தைகள் படம் எல்லாம் இன்று செல்போனிலேயே கிடைக்கின்றன. வாசகசாலையில் ஸ்பானிஷ் படக்கதைப் புத்தகங்கள் இருக்கும். வாரம் ஒன்று வாங்கி வரலாம்.

எழுத்தைப் படிப்பது சுலபம்

ஸ்பானிஷில் பெற்றோருக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலும் எழுதி இருக்கிறபடியே படிக்கலாம். இங்கிலீஷில் ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு வரும். ஸ்பானிஷில் உயிர் ஒலிகள் 5 மட்டுமே. அ, எ, இ, ஒ, உ. எங்கே வந்தாலும் அதே ஒலிதான்.

சில விதிகளை மட்டும் தெரிந்து கொள்ள வேண்டும். "எச்" என்ற எழுத்து வந்தால் சத்தம் இல்லை. வணக்கம் சொல்லும் வார்த்தை "ஹோலா" என்று எழுதி இருக்கும். "ஓலா" என்று படிக்க வேண்டும். "ஜே" என்ற எழுத்துக்கு "ஹ" மாதிரி ஒலி. "என்" எழுத்தின் தலையில் நெளிகோடு இருந்தால் அது "ஞ". நாளைக்கு என்பதற்கு "மஞானா" என்று பெயர்.

இவ்வளவையும் ஒரு வாரத்தில் கற்றுக் கொள்ளலாம். பிள்ளை படிக்கும்போது விரல் வைத்துக் கூடவே போகலாம்.

எழுத்து வேலையில் கவனிக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. ஸ்பானிஷில் கேள்விக் குறி வாக்கியத்தின் முடிவில் மட்டும் அல்ல, தொடக்கத்திலும் வரும். அதைத் தலைகீழாகப் போட வேண்டும். பிள்ளை போட்டு இருக்கிறதா என்று பார்க்க மொழி தெரிய வேண்டாம். கண் இருந்தால் போதும்!

எழுத்தின் மேல் வரும் சிறு கோட்டையும் விட்டு விடக் கூடாது. மெக்சிகோ முதலிய நாடுகளில் "பாப்பா" என்று முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் உருளைக்கிழங்கு. கடைசி எழுத்தில் கோடு போட்டு, "பப்பா" என்று கடைசியை அழுத்திச் சொன்னால் அப்பா! கோடு போட மறந்தால் அப்பா உருளைக்கிழங்கு ஆகி விடுவார்!

செய்யக் கூடாத காரியம்

இப்போது செல்போனில் மொழிபெயர்க்கும் வசதி வந்து விட்டது. இங்கிலீஷில் தட்டினால் ஸ்பானிஷில் வருகிறது. "வீட்டுப் பாடம் 5 நிமிஷத்தில் முடிந்தது" என்று சில பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள்.

முடிந்தது பாடம் அல்ல. காகிதம் நிரம்பியது, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பு நடையில் எழுதி வந்தால் ஆசிரியை கண்டுபிடித்து விடுவார்.

பெற்றவர் வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க அந்தக் கருவி உதவும். பிள்ளையின் வாக்கியத்தை அது எழுதக் கூடாது. எழுதியதைப் பிள்ளை வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பிள்ளையின் சொந்தச் சரக்கு.

இன்னொரு பள்ளம் ஊகம். இங்கிலீஷைப் போலத் தோன்றும் ஸ்பானிஷ் வார்த்தைகள் பல. எல்லாம் ஒரே அர்த்தம் அல்ல. "எக்ஸிதோ" என்பதைப் பார்த்து, வெளியே போகும் வழி என்று நினைப்பார்கள். அதற்கு வெற்றி என்று அர்த்தம். "ரோப்பா" கயிறு அல்ல; துணிமணி. "எம்பராசாதா" என்றால் வெட்கப்பட்டவள் என்று எண்ணிச் சொன்ன பெண்கள் உண்டு. அதற்கு அர்த்தம் கர்ப்பிணி!

தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். "எனக்குத் தெரியாது. நாளைக்கு டீச்சரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றால் பிள்ளையின் கண்ணில் தாயின் மதிப்புக் குறையாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்து கொள்வது அவமானம் அல்ல என்று பிள்ளை கற்றுக் கொள்ளும்.

தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று மொழி

கலிபோர்னியா, டெக்சாஸ், நியூஜெர்சி ராஜ்யங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுத்துப் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ். வெளியில் இங்கிலீஷ். வகுப்பில் ஸ்பானிஷ்!

"மூன்று மொழி சுமை ஆகாதா? தமிழை நிறுத்தி விடலாமா?" என்று சில தாய்மார்கள் யோசிக்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம். ஒரு மொழியில் கதை கேட்டு, யோசித்து, காரணம் சொல்லப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழியிலும் அந்தப் பழக்கம் கை கொடுக்கும். கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் சொல்லி வரும் கருத்து இது. ஆகையால் படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுவது, ஸ்பானிஷுக்கும் உரம்.

தமிழ் வீட்டுக்குச் சில வசதிகளும் உண்டு. ஸ்பானிஷில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே ஆளைத் தெரிந்து கொள்ளலாம். "ஆப்லோ" என்றால் பேசுகிறேன். "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். "ஆப்லாமோஸ்" என்றால் பேசுகிறோம். நான், நீ, நாம் என்று தனியாகச் சொல்லத் தேவை இல்லை. தமிழும் அப்படித்தானே!

இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே "யூ". ஸ்பானிஷில் "தூ" என்றால் நீ; "உஸ்தெத்" என்றால் நீங்கள். மரியாதை தெரிந்த மொழி! சிநேகிதனிடம் ஒன்று, பெரியவரிடம் ஒன்று என்று தமிழ்த் தாய் ஒரு நிமிஷத்தில் விளக்கி விடலாம்.

"பெரோ" என்று இடையின "ர" போட்டால் ஆனால் என்று அர்த்தம். நாக்கை உருட்டி வல்லின "ற" போட்டு "பெறோ" என்றால் நாய். இங்கிலீஷ் பிள்ளைக்கு இது கஷ்டம். "ர"வையும் "ற"வையும் பிரித்துச் சொல்லிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்குச் சுலபம்.

கஷ்டமான இடமும் உண்டு. ஸ்பானிஷில் மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால்! தமிழில் அப்படிக் கிடையாது. அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லை.

ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

பணம் உள்ள வீட்டில் பெற்றோருக்கு மொழி தெரியா விட்டால் டியூஷன் வாத்தியார் வைக்கிறார்கள். இரண்டு வேலை பார்க்கும் ஏழைத் தாய்க்குக் கால் மணி நேரம் ஒதுக்குவதே கஷ்டம். டியூஷனுக்கு எங்கே போவாள்?

மெக்சிகோவில் இருந்து வந்த தாயின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும். இங்கிலீஷ் வீட்டுப் பாடத்தின் முன்னால் அவள் விழிக்கிறாள். ஸ்பானிஷ் தெரியாத இங்கிலீஷ்காரத் தாய்க்கு ஊரே அனுதாபப்படுகிறது. இங்கிலீஷ் தெரியாத மெக்சிகோத் தாயைப் பார்த்து, "பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லாதவள்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு! இது என்ன நியாயம்?

1974-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புக் கூறியது. சான்பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைகள் போட்ட வழக்கு அது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார் கொடுத்தால் மட்டும் சமத்துவம் ஆகாது; மொழி புரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உதவி செய்தாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை குவாதலூப்பே வால்டேஸ் 1997-ல் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இருமொழி வகுப்புகளால் இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் அடையும் லாபம், மெக்சிகோப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை.

ஆகையால் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் சொல்லிக் கொடுத்தால்தான் முடியும் என்ற வீட்டுப் பாடத்தைக் கொடுக்கக் கூடாது. வகுப்பில் புரிந்ததைப் பிள்ளை தானே பழகும்படி கொடுக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியையைக் கண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். "இந்தப் பாடத்தைப் பிள்ளை தானே செய்ய முடியுமா? எத்தனை நிமிஷம் ஆக வேண்டும்? சிக்கிக் கொண்டால் யாரிடம் கேட்பது?" இந்த மூன்றுக்கும் பதில் வாங்கி விட்டால் பாதிக் கவலை தீரும். இதைக் கேட்கும் உரிமை பணக்காரத் தாய்க்கும் உண்டு. ஏழைத் தாய்க்கும் உண்டு.

விளக்கடியில் ஒரு தாய்

இந்த விஷயம் அமெரிக்காவோடு நின்று விடவில்லை. தமிழ்நாட்டிலும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தாய்மார்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து இருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது இங்கிலீஷா, கணக்கா என்று கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "சத்தமாகப் படி" என்றார்கள். சத்தம் நின்றால், "ஏன் நின்று விட்டது?" என்று கேட்டார்கள்.

பேராசிரியர்கள் ஆராய்ந்து சொல்லும் யோசனையும், அந்தத் தாய்மார்கள் செய்த காரியமும் ஒன்றாகவே இருக்கின்றன!

கலிபோர்னியாவில் மாலை 6 மணிக்குப் புத்தகத்தை நீட்டிய சிறுமிக்கு அவள் தாயார் பதில் சொல்ல வேண்டியது இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு, "முதலில் எனக்குப் படித்துக் காட்டு" என்று சொன்னால் போதும்.

பாடம் அங்கே தொடங்கி விடும்.